உப்பு வேலியாகுமா?

(வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு மீனைப் பற்றிய சங்கதியாகும். மீனைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா, குழம்பில் கிடக்கும்போது அல்லவா நமக்கு அதனிடம் காரியம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து வலை போடுகிறவருக்கும், கழிமுகத்தில் மடவையும் இறாலும் பிடித்துப் பிழைக்கிறவருக்கும் இது வயிற்றுப் பிழைப்புச் சங்கதி. அன்றியும், ஒரு பொருளின் தன்மை இன்னதென்று விசாரியாமல், யாரோ பெரியவர் நல்லதென்று சொன்னார் என்பதற்காக ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் பிறகு என்ன கதி ஏற்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

நாம் சொல்லுகிற மீனை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலர் தின்றும் இருப்பீர்கள். சந்தையில் அதை ஜிலேபி மீன் என்றும் ஜிலேபிக் கெண்டை என்றும் சொல்லுகிறார்கள். பெயரில் கெண்டை இருக்கிறதே ஒழிய, கெண்டை ஜாதிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. திலேப்பியா என்னும் பெயர் நம் ஜனங்கள் வாயில் ஜிலேபி ஆகிவிட்டது. அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்கிழக்குப் பாகம். ஜாம்பேசி முதலிய ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடி இந்து மகா சமுத்திரத்தில் விழுகிற பிரதேசம் அது. 1852-ம் வருஷத்தில் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி மொசாம்பிக் நாட்டிலிருந்து அதை விவரித்து எழுதியபடியால் மொசாம்பிக் திலேப்பியா என்று பெயர் வந்தது.

இந்த மீன் குடிதண்ணீர் ஏரியிலும் இருக்கிறது. உப்புக் கரிக்கும் முகத்துவாரத்திலும் இருக்கிறது. நம் ஏரிக் கெண்டையைக் கடலில் விட்டால் செத்துப்போகும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றை ஏரியில் விட்டால் அவையும் செத்துப்போகும். அப்படியிருக்க இது மாத்திரம் இரண்டிலும் வாழ்வதற்குக் காரணம் என்ன? "அதை அப்படிப் படைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டால் சுலபமாய் வேலை தீர்ந்தது. ஆனால் அந்தப் பதிலைக் கொண்டு ஏரிக்காரருக்கும் கழிமுகத்தாருக்கும் ஒரு காசு பிரயோஜனமுண்டா? காரணத்தைத் தெரிந்தால்தான் அந்த மீன் எங்கே போகும், எதற்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பது தெரியும்.

மாங்காய்க்கு நேருவதே மீனுக்கும்

ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைக்கிறோம். மறுநாள் பார்த்தால் துண்டுகள் சுருங்கியிருக்கின்றன. ஜாடியில் நீர் விட்டிருக்கிறது. அந்த நீரை யாரும் ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த நீரை வெளியே இருந்த உப்பு இழுத்துக்கொண்டது. உலர்ந்த திராட்சையை வெறும் தண்ணீரில் போட்டாலோ, அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பருத்துப்போகிறது. நடுவில் ஒரு மெல்லிய தோல் இருந்து, அதன் ஒரு பக்கம் உப்பு அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இருந்தால், தண்ணீர் உப்பு அதிகமுள்ள பக்கத்தைத் தேடிப் போகும். இது இயற்கை நியதி. மாங்காய்க்கும் மீனுக்கும் மனிதனுக்கும் பொதுவானது.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஏரித் தண்ணீரில் பெரும்பாலும் அரைக் கிராம்கூட இராது. மீனின் ரத்தமோ இரண்டுக்கும் நடுத்தரம். சுமார் 10 கிராம் உப்புள்ள தண்ணீருக்குச் சமானம். ஆகவே ஏரியில் இருக்கும் மீன் உலர்ந்த திராட்சையின் நிலைமையில் இருக்கிறது. செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே வருகிறது. உடம்பிலுள்ள உப்பு ஓயாமல் வெளியே கசிகிறது. கடலில் இருக்கும் மீன் ஊறுகாய் மாங்காயின் நிலைமையில் இருக்கிறது. உடம்பின் தண்ணீர் வெளியே போகிறது. உப்பு உள்ளே ஏறுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் கடல் மீன் தாகத்தில் இருக்கிறது என்றால் அது வேடிக்கைப் பேச்சல்ல, உண்மை.

இந்தக் கஷ்டத்தை மீன் எப்படிச் சமாளிக்கிறது? ஏரி மீன் தண்ணீரை அதிகமாய்க் குடிப்பதில்லை. உள்ளே வரும் தண்ணீரைச் சிறுநீரகம் வடித்து, உப்பில்லாத மூத்திரமாக ஏராளமாய் வெளியே தள்ளுகிறது. இழந்த உப்பைச் செவுளானது சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்ப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. கடல் மீன் இதற்கு நேர் விரோதமாகச் செய்கிறது. அது கடல் தண்ணீரையே குடிக்கிறது. குடலில் தண்ணீரோடு உப்பும் ரத்தத்தில் சேருகிறது. அப்படிச் சேர்ந்த உப்பைச் செவுளே வெளியே இறைத்துவிடுகிறது. மூத்திரம் மிகவும் கொஞ்சமாகவே போகிறது. மனிதன் கடல் நீரைக் குடித்தால் சாகிறான். ஏனெனில் கடல் நீரைவிட உப்பதிகமான மூத்திரம் விட நம் சிறுநீரகத்தால் ஆகாது. அந்த உப்பை வெளியே இறைக்க நமக்குச் செவுளும் இல்லை.

தோழர்களே! இவைகளெல்லாம் ஏட்டில் எழுதிவைத்திருந்ததை நம்பிச் சொல்லுவதல்ல. 1930-ல் ஹோமர் ஸ்மித் என்னும் அமெரிக்கர் கடல் நீரில் ஒரு சாயத்தைக் கலந்து, அந்தச் சாயம் மீனின் குடலில் சேருவதைப் பார்த்து, கடல் மீன் தண்ணீர் குடிக்கிறது என்று காட்டினார். 1931-ல் ஆன்செல் கீஸ் என்பவர் விலாங்கு மீனின் செவுளை வைத்துச் சோதித்து, உப்பு அதன் வழியாகவே வெளியேற்றப்படுவதைக் கண்டார். மறுவருஷம் அவரும் வில்மர் என்பவரும் சேர்ந்து, செவுளில் இந்த வேலையைச் செய்கிற உயிரணுக்கள் இன்னவை என்றும் சொன்னார்கள். யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் அந்தச் சோதனையை மறுபடியும் செய்து பார்க்கலாம். சரியென்று கண்டால் ஒப்புக்கொள்ளலாம்; தப்பென்று கண்டால் தள்ளிவிடலாம். அறிவு என்பதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம் இதுதான்.

இறைப்பதும் அதே செவுள், எடுப்பதும் அதே செவுள்

இப்போது நம் ஜிலேபி மீனுக்கு வருவோம். அதன் விசேஷம் என்னவென்றால், மேலே சொன்ன இரண்டு வேலைகளையும் அதே செவுள் சமயத்துக்குத் தக்கபடி மாற்றி மாற்றிச் செய்யும். ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிறவர் தேவைக்குத் தக்கபடி வாய்க்காலைத் திருப்பிவிடுவதுபோல, உப்பை உள்ளே எடுக்கும் வேலையிலிருந்து வெளியே தள்ளும் வேலைக்கு அது திரும்பிக்கொள்கிறது. செவுளிலுள்ள உயிரணுக்களில் சில உருமாறுகின்றன. சில புதிதாய் உண்டாகின்றன. குடலும் சிறுநீரகமும் கூடவே தங்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன.

மாறு என்று கட்டளையிடுவது எது? மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து ப்ரோலாக்டின் என்னும் ரசம் ரத்தத்தில் கலந்தால் மீனின் உடம்பு நல்ல தண்ணீருக்குத் தக்கபடி நடக்கிறது. கடல் தண்ணீருக்குப் பழக வேண்டியபோது அந்த ரசம் குறைந்து, கார்ட்டிசால் என்பதும் வளர்ச்சிக்குரிய ரசமும் முன்னே வருகின்றன. 1959-ல் கிரேஸ் பிக்ஃபோர்ட் என்ற அம்மையார், இரண்டு தண்ணீரிலும் வாழக்கூடிய ஒரு சிறு மீனின் பிட்யூட்டரியை எடுத்துவிட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் அது பிழைத்திருந்தது. நல்ல தண்ணீரில் விட்டால் செத்தது. ப்ரோலாக்டினை ஊசியால் ஏற்றினால் நல்ல தண்ணீரிலும் பிழைத்தது. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் செய்வதும் இதே பெயருள்ள ரசந்தான். மனிதன் வேறு, மற்ற ஜீவன்கள் வேறு என்று நாம் எவ்வளவு கர்வம் பாராட்டினாலும், சரக்கு ஒரே கடைச் சரக்காகத்தான் இருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு அவகாசம் வேண்டும். ஏரியில் இருந்த ஜிலேபி மீனைத் திடீரென்று முழுக் கடல் தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்துக்குள் செத்துப்போகும். முதலில் பாதி உப்பில் விட்டு, பிறகு ஏற்றிக்கொண்டே போனால் கடலிலும் பிழைக்கும். படிப்படியாய்ப் பழக்கினால் லிட்டருக்கு 120 கிராம் உப்பையும், அதாவது கடலைவிட மூன்று பங்குக்கு மேலான உப்பையும், தாங்கும். இந்தப் படிகளை நாம் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆற்றின் முகத்துவாரத்திலும் அவை இயற்கையாகவே இருக்கின்றன. மேலே நல்ல தண்ணீர், சற்றுக் கீழே சப்புத் தண்ணீர், அதற்கும் கீழே கடல் தண்ணீர். ஏற்றவற்றம் வரும்போது இவை கலந்து கலந்து வருகின்றன.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. விலாங்கு ஆற்றில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டும். சால்மன் கடலில் வளர்ந்தாலும் முட்டையிட ஆற்றுக்கு வர வேண்டும். மொசாம்பிக் திலேப்பியாவுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. நல்ல தண்ணீரிலும் குஞ்சு பொரிக்கும். கடல் தண்ணீரிலும் பொரிக்கும். செவுள் உண்டாகுமுன்பே குஞ்சின் மஞ்சட்கருப் பையின் மேல்தோலில் உப்பைத் தள்ளும் உயிரணுக்கள் வந்துவிடுகின்றன. தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிறது. நெருக்கமான குட்டையில் இரண்டு மூன்று மாதத்திலேயே, விரல் நீளம் இருக்கும்போதே, இனப்பெருக்கம் ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட மீனை ஒரு குளத்தில் விட்டால் அந்தக் குளத்தோடு நிற்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எப்படிப் பரவிற்று?

அது தானே நீந்தி இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து வரவில்லை. மனிதன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். 1939-ல் ஜாவாத் தீவின் தென்கரையில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் இந்த மீன் அகப்பட்டது. முஜாயிர் என்னும் கிராமவாசி அதைத் தம் ஊர்க் குளத்துக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டு, மீன்கள் செத்துச் செத்துப்போனாலும் விடாமல், உப்பு நீரில் நல்ல நீரைக் கலந்து கலந்து பழக்கினார் என்று அந்நாட்டார் சொல்லுகிறார்கள். இன்றும் இந்தோனேசியாவில் அந்த மீனுக்கு அவர் பெயரே வழங்குகிறது. பள்ளிக்கூடத்து விஞ்ஞானம் இல்லாமலேயே, அவகாசம் கொடுத்தால் மீன் மாறும் என்பதை அவர் கையாலேயே கண்டுபிடித்தார். அந்தப் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். பிறகு யுத்த காலத்தில் ஜப்பானியர் அதைப் பல இடங்களுக்குப் பரப்பினார்கள். 1946-ல் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குப் போயிற்று. 1950-களின் ஆரம்பத்தில் இலங்கைக்கு வந்தது. 1952-ல் நம் மண்டபத்துக்கும் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் எங்கும் பசி. விலை மலிவான மாமிசம் ஏழைகளுக்குக் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். அதில் ஒரு பங்கு பலித்தும் இருக்கிறது. இலங்கையின் குளங்களில் மீன்பிடித் தொழில் வளர்ந்ததற்கு இந்த மீன் பெரிதும் காரணம். இதை மறைத்துப் பேசுவது நாணயமாகாது. ஆனால் நல்ல எண்ணம் ஒன்று, நல்ல விசாரணை வேறொன்று. நம் நாட்டில் 1952-ல் வந்த மீனை இனிப் பரப்பக் கூடாதென்று 1959-ல் மீன் ஆராய்ச்சிக் கமிட்டி தடை செய்தது. ஏழு வருஷத்துக்குள் மீன் ஏரிகளில் ஏறிவிட்டது. தடை காகிதத்தில் ஏறிற்று. அமராவதி, வைகை முதலிய தேக்கங்களில் அது பெருகிக் கிடந்தது. ராஜஸ்தானத்து ஜெய்சமந்த் ஏரியில் பெருங்கெண்டைகளின் சராசரி எடை குறைந்துபோயிற்று.

பசிபிக் சமுத்திரத்தில் நவுரு என்று ஒரு சின்னத் தீவு. அந்த ஜனங்கள் தொன்றுதொட்டுக் கடற்பாறைகளில் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து, மெல்ல மெல்ல உப்புக் குறைந்த தண்ணீருக்குப் பழக்கி, புவாடா என்னும் உள்நாட்டுக் கழியில் விட்டு வளர்த்துத் தின்றுவந்தார்கள். மீனைத் தண்ணீருக்குத் தண்ணீர் மாற்றும் வித்தை அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். 1960-களின் தொடக்கத்தில் அங்கே மொசாம்பிக் திலேப்பியா விடப்பட்டது. அந்தக் கழியின் உப்பு அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அது பெருகிப் பால்கெண்டையின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. பால்கெண்டை சிறுத்துப்போக, ஜனங்கள் அந்தத் தொழிலையே கைவிட நேர்ந்தது. பிறகு மருந்து போட்டுக் கொல்லப் பார்த்தார்கள், முழுதும் ஒழியவில்லை. ஒரு ஜன சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைத்தொழில் ஒரு வாளி மீனால் போயிற்று என்றால், விசாரியாமல் செய்வதன் கிரயம் எவ்வளவு என்று பாருங்கள்.

இது பழைய கதை, இனி நடவாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கருந்தாடைத் திலேப்பியா என்பது இதற்கு நெருங்கிய உறவு. உப்பைத் தாங்குவதில் இதற்குச் சளைத்ததல்ல. தாய்லாந்து தேசத்தில் அது கழிகளிலும் இறால் பண்ணைகளிலும் பெருகி, 2024-ல் சர்க்காரே கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வைத்து ஜனங்களிடம் அந்த மீனை வாங்கி ஒழிக்கப் பார்த்தது.

அந்த மீனுக்கும் ஓர் எல்லை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சால்டன் ஏரி, போக்கிடம் இல்லாததால் வருஷாவருஷம் உப்பேறிக் கடலையும் மிஞ்சிவிட்டது. மற்ற மீன்கள் அருகிவந்த அந்தத் தண்ணீரில் மொசாம்பிக் கலப்பினத் திலேப்பியா கோடிக்கணக்கில் பெருகிற்று. ஆனால் 1999 ஆகஸ்டில் ஒரே நாளில் சுமார் 76 லட்சம் மீன்கள் செத்து மிதந்தன. உப்பை வென்ற மீனைத் தண்ணீரில் மூச்சுக்காற்றுக் குறைந்தது கொன்றது. நல்ல குளிரும் அதற்கு ஆகாது. ஆனால் நம் சீமையில் அப்படிப்பட்ட குளிர் எங்கே இருக்கிறது?

பிறந்த ஊரைக் கொண்டு பேசுகிறோமா?

இவ்விடத்தில் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம். "பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று ஓயாமல் பேசுகிற நீங்கள், ஒரு மீனை மாத்திரம் வெளியூர் மீன் என்று தள்ளலாமா?" என்று. நியாயமான கேள்வி. நாம் அதன் பிறந்த ஊரைக் கொண்டு தள்ளவில்லை. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்காக் கண்டத்துச் சரக்குகள்தான்; அவற்றை நாம் தள்ளவில்லை. மிளகாய்ச் செடி வேலி தாண்டி ஆற்றோடு போய் மற்றச் செடிகளை அழிப்பதில்லை. ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பது நமக்குக் காரியமில்லை. என்ன செய்கிறது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதே காரியம். மீன் பேரிலும் நமக்குக் கோபம் இல்லை. அது தன் உடம்பின் நியதிப்படி பிழைக்கிறது. குற்றம் விசாரியாமல் விட்டவர்களுடையது.

இன்னொன்றையும் கேளுங்கள். உலகத்தின் மிக மோசமான நூறு அந்நிய ஜீவன்களின் ஜாபிதாவில் இந்த மீனின் பெயர் இருக்கிறது. அதே மீன் தன் சொந்த ஆப்பிரிக்க ஆறுகளில் இன்று அழியக்கூடிய நிலைமையில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கணக்கெழுதியிருக்கிறது. காரணம், அந்த ஆறுகளில் நைல் திலேப்பியாவைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கலந்து சுத்த இனம் மறைந்துவருகிறது. ஊரார் வீட்டில் அதைக் கொண்டு செய்ததையே அதன் வீட்டிலும் வேறொன்றைக் கொண்டு மனிதன் செய்துவிட்டான்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. உப்பை ஒரு வேலி என்று நம்பி இருந்தோம். ஏரியில் விட்ட மீன் ஏரியோடு, கழியில் விட்ட மீன் கழியோடு என்று கணக்குப் போட்டார்கள். நம் ஏரிகளோ ஒன்றோடொன்று கோத்தவை. மழைக்காலத்தில் ஒரு ஏரி கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து முகத்துவாரத்துக்கும் தண்ணீர் போகிறது. மற்ற மீன்களுக்கு அங்கே வேலி உண்டு. இந்த மீனுக்கு இல்லை. ஆதலால் உங்கள் ஊர்க் குளத்தில் விடும் மீன் உங்கள் ஊர்ச் சங்கதி மாத்திரம் அல்ல. நீங்கள் ஒரு நாளும் பார்த்திராத கழிமுகத்துக் குடும்பத்தின் சோற்றுச் சங்கதியும் ஆகும்.

குளத்துக்குக் குஞ்சு வாங்கும்போது கெண்டைக் குஞ்சோடு ஜிலேபிக் குஞ்சு கலந்திருக்கிறதா என்று கொட்டிப் பாருங்கள். கலங்கலிலும் மதகிலும் வலைத்தட்டி கட்டுங்கள். பெருகிவிட்ட குளத்தில் ஓயாமல் பிடித்துத் தின்னுங்கள்; வராலை விட்டுக் குஞ்சுகளைத் தின்னச் செய்யுங்கள். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் வேண்டாமென்று தோன்றினால் ஆற்றில் விடாதீர்கள். அது ஜீவகாருண்யம் அல்ல. இப்போது நைல் திலேப்பியாவைப் பண்ணையில் வளர்க்கச் சர்க்கார் நிபந்தனைகளோடு அனுமதி கொடுக்கிறது. வளர்க்கிறவர்கள் அந்த நிபந்தனைகளைச் சரியாய் அனுசரிக்கிறார்களா என்று கேட்க ஊராருக்கு உரிமை உண்டு.

இன்னும் ஒருவர் வந்து, இந்த மீனைவிட உசத்தியான மீன் ஒன்று இருக்கிறது, விட்டால் ஊரே செழிக்கும் என்று சொல்லக்கூடும். அவர் அதிகாரியாய் இருக்கலாம், வியாபாரியாய் இருக்கலாம், படித்தவராயும் இருக்கலாம். அவரிடம் மரியாதையாய் நாலு கேள்வி கேளுங்கள். எவ்வளவு உப்பைத் தாங்கும்? எந்தத் தண்ணீரில் முட்டையிடும்? எதைத் தின்னும்? வெள்ளம் வந்தால் எங்கே போகும்? இதற்குப் பதில் சொன்னால், அதையும் சோதித்துப் பார்த்த பிறகு யோசிப்போம். சொல்லாவிட்டால் வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் ஏரியையும் கழியையும் போய்ப் பார்த்து, அங்கே வலை போடுகிறவர்களைக் கேட்டு, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.